ஆதிசேதுவுக்கு ஒரு பயணச்சீட்டு

தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டில் பேச்செல்லாம் பழனியைப் பற்றித்தான். காவடி எடுப்போர் குன்றக்குடியில் கூடுவதும், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து தைப்பூசத்துக்குப் பழனி சேர்வதும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம் என்பர். நகரத்தார் பெருமக்கள் போற்றி வளர்த்த அந்த நடைப்பயணத்தில் இன்று எல்லாச் சமூகத்தாரும் கலந்து செல்கின்றனர். அதன் அழகே கூட்டம்தான். முன்னே வேல், பின்னே பாட்டு, வழியெங்கும் தண்ணீரும் மோரும். நடுவழியில் ஒருவர் கால் நொந்து உட்கார்ந்தால் உடனே நான்கு பேர் நின்று விசாரிப்பார்கள். யாரையும் யாரும் தனியே விடுவதில்லை.

அந்த வழியில் 11 ஆண்டுகள் நடந்தவன் நான். சென்ற தை மாதம் அந்தக் கூட்டத்தில் சேராமல், காரைக்குடி சந்திப்பில் திருவாரூர் செல்லும் ரயிலில் ஏறினேன். திருத்துறைப்பூண்டியில் இறங்கி, கிளைப் பாதையில் அகஸ்தியம்பள்ளி வரை சென்று, கோடியக்கரையில் தை அமாவாசை நீராடி, அங்கிருந்து கடற்கரையை ஒட்டி இராமேசுவரம் வரை தனியே நடப்பது என் எண்ணம். கோடியக்கரைக்கு ஆதிசேது என்று பெயர். ஆதிசேதுவில் தொடங்கிச் சேதுவில் நிறையும் நடை. சாலைக் கணக்கில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 20 என்று வைத்தால் 15 நாள். அமாவாசையன்று புறப்பட்டால் பௌர்ணமியை ஒட்டி அக்னி தீர்த்தத்தை அடையலாம். பழனியில் பூசத் தேர் அசையும் நாளும் ஏறக்குறைய அதுதான். வங்கியில் 36 ஆண்டுகள் கழித்தவனுக்குக் கணக்கு இப்படி இருபக்கமும் நேராக விழுந்தால் ஒரு தனி மகிழ்ச்சி.

ஏன் தனியே என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழனி வழியில் 11 ஆண்டுகளும் என்னோடு தோளொட்டி நடந்த நண்பர் ஒருவர் இருந்தார். சேது வழியையும் ஒருமுறை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊர் ஊராக எழுதி, தங்குமிடம் குறித்து, ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தார். சென்ற ஆவணியில் அவர் காலமானார். இந்த ஆண்டு குன்றக்குடியில் அவர் இல்லாத இடத்தில் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. தாய் தந்தையர்க்கும் முன்னோர்க்கும் எள்ளும் நீரும் இறைத்த பிறகு, நண்பர்க்கும் ஆசிரியர்க்கும் உறவல்லாத பிறர்க்கும் நீர் வார்க்க நம் முன்னோர் இடம் வைத்திருக்கிறார்கள். காருண்ய தர்ப்பணம் என்று அதற்குப் பெயர். அதை ஆதிசேதுவில் செய்துவிட்டு, அவர் வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதென்று முடிவு செய்தேன்.

வீட்டில் இது எளிதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. “பழனிக்கென்றால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? அது ஊரோடு போவது. இது ஆளரவம் இல்லாத கடற்கரை. 64 வயதில், சர்க்கரையை வைத்துக்கொண்டு போகிறீர்களே, துணைக்கு யார்?” என்றாள் என் மனைவி. என் அக்காவும் தொலைபேசியில் அதையே கேட்டார். “யாரும் இல்லை” என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை. இருட்டிய பின் நடப்பதில்லை, நாள்தோறும் மாலை ஆறு மணிக்குள் பேசிவிடுவது என்ற இரண்டு நிபந்தனைகளின் பேரில் அனுமதி கிடைத்தது. மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து 15 பொட்டலங்கள் கட்டித் தந்தாள். கொப்புடைய நாயகியம்மன் சந்நிதியில் குங்குமம் பெற்றுக்கொண்டு புறப்பட்டேன்.

நடப்பதற்கு ரயில் எதற்கு என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். என் பாட்டனார் காலத்தில் யாத்திரை என்பது வீட்டு வாசற்படியிலேயே தொடங்கியது. அதை நான் மறுக்கவில்லை. இராமேசுவரமே போவதென்றால் காரைக்குடியிலிருந்து மானாமதுரை வழியாக நேர் வண்டிகளும் உண்டு. ஆனால் சேதுவுக்குக் கரையோரமாக நடந்து போவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோடியக்கரையில் தொடங்கினால் வழி முழுதும் கடல் இடக்கைப் பக்கம். நிலமும் அதிலுள்ள கோயில்களும் வலக்கைப் பக்கம். தெய்வத்தை வலத்தில் வைத்து நடப்பதே நம் மரபு. எதிர்த்திசையில் புறப்பட்டால் அது மாறிவிடும். ஆகவே தொடங்குமிடத்துக்குப் போய்ச் சேர ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த வண்டியும் நல்ல வண்டி. அகலப் பாதையாக மாற்றும் பணிக்காகச் சில ஆண்டுகள் ரயிலே ஓடாமல் கிடந்து, 2019-ல் திருவாரூர் வரை முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை அது.

கண்டனூர் புதுவயலில் அரிசி ஆலைகளின் உமி வாசனை பெட்டிக்குள் வந்து போனது. அடுத்து அறந்தாங்கி. இங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் ஆவுடையார்கோயில் என்னும் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொருளை மாணிக்கவாசகர் இறைபணிக்குச் செலவிட்ட தலம். ஒதுக்கீடு ஒன்று, செலவு வேறொன்று. தணிக்கைக் குறிப்பு எழுதிப் பழகிய என் போன்றோர்க்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை திக்கென்று அடித்துக்கொள்ளும். பின்னர்தான் நரிகள் பரிகளாக வந்து வரவு வைக்கப்பட்டது நினைவுக்கு வரும். அங்கே மூலத்தானத்தில் பாணம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். வண்டி நின்ற சில நிமிடங்களில் அத்திசை நோக்கிக் கைகூப்பினேன். ரயில் யாத்திரையில் இப்படித் திசை பார்த்துக் கும்பிட்டே கடக்க வேண்டிய கோயில்கள் நிறைய.

பேராவூரணியில் தென்னந்தோப்புகள் தொடங்கின. பட்டுக்கோட்டை கடந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதிராம்பட்டினத்தை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு ஏறியது. கடல் தெரியவில்லை; இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

எதிர் இருக்கையில் அறந்தாங்கியில் ஏறிய இசுலாமியப் பெரியவர் ஒருவர் இருந்தார். என் கைத்தடியையும் தோள்பையையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா எந்தக் கோயிலுக்கு?” என்றார். சொன்னேன். “எத்தனை பேரு?” “நான் மட்டும்தான்.” “தனியாவா?” என்று ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “நடந்து வந்தா எங்க ஊரு வழியாத்தான் வரணும் நீங்க. வெயிலோ மழையோ, பள்ளிவாசல் தெருவுல வந்து எம்பேரைச் சொல்லுங்க. பசியாறிட்டுப் போகலாம்” என்று பெயரையும் சொல்லிவிட்டு அதிராம்பட்டினத்தில் இறங்கிப் போனார். நண்பரின் தாளில் அந்த ஊருக்கு நேரே அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன்.

இந்தக் கரைக்கு அது புதிய பண்பு அன்று. பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்படும்வரை சேது யாத்திரிகர்கள் மண்டபம் வரை நடந்தோ வண்டி கட்டியோ வந்து, படகேறித்தான் தீவை அடைந்தார்கள். காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் சேது சாலையில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் பலரும் அறிந்தது. கரையோரத்தில் சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப்பெயரே சேதுவையும் சத்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மணமேல்குடியிலும் மீமிசலிலும் சத்திரங்கள் இருந்தன. இவற்றைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் தருமம் தடையின்றி நடக்க வேண்டும் என்ற கவலையில் எழுந்த கடிதம் அது. எந்தச் சாதியினராயினும் வழிப்போக்கர் அனைவர்க்கும் சோறு, சமைத்ததை உண்ணாதோர்க்கு அரிசியும் பிற பண்டங்களும், நோயுற்றோர்க்கு மருத்துவம், வழியில் பிள்ளை பெறும் பெண்களுக்கு உரிய கவனிப்பு, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குக் கல்வி என்று அதில் விவரங்கள் வருகின்றன. நள்ளிரவில் மணி ஒன்று அடிக்கப்படும் என்றும், இன்னும் உண்ணாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைக்கப்படும் என்றும் அதில் இருக்கிறது.

அந்த மணியைப் பற்றி நான் பலமுறை எண்ணியதுண்டு. கூட்டமாக வருவோர்க்கு அது தேவையில்லை. அவர்கள் வருவது ஒரு காத தூரத்திலேயே கேட்கும். பிந்திப்போய், இருட்டில், ஒற்றையாக வந்து திண்ணையோரம் ஒடுங்குகிறவனுக்காக அடிக்கப்பட்ட மணி அது. ஆகவே நம் யாத்திரை வழிகள் கூட்டத்துக்கு மட்டுமே போடப்பட்டவை அல்ல. நகரத்தார் காசியிலும் இராமேசுவரத்திலும் நடத்திவரும் சத்திரங்கள் இன்றும் அந்த அறத்தைக் காத்து வருகின்றன. நடுவழிச் சத்திரங்களுக்குத்தான் வேலை குறைந்துபோனது. ரயில் வந்தது, நடப்போர் குறைந்தனர். அந்த ரயிலிலேயே உட்கார்ந்துகொண்டு இதை நினைத்தது விந்தைதான்.

அதிராம்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே வண்டி சில நிமிடங்களில் ஓடிக் கடந்த தூரம், நண்பரின் தாளில் ஒரு முழு நாள் நடை. சன்னலுக்கு வெளியே இருட்டில் தென்னைகள் பின்னோக்கி ஓட, அவற்றின் நடுவே நானே எதிர்த்திசையில் மெல்ல நடந்து வருவதாக ஓர் எண்ணம் தோன்றியது. முத்துப்பேட்டையை அடுத்துத் தில்லைவிளாகம். பஞ்ச ராம தலங்கள் என்று போற்றப்படும் ஐந்தில் ஒன்று. அங்கே வீரகோதண்டராமர் திருமேனியின் காலில் நரம்பும் தெரியும் என்பது உலகறிந்த செய்தி. காடும் கடலோரமும் நடந்த கால்கள் அல்லவா? சிற்பி நரம்பைக் காட்டியதில் எனக்கு வியப்பில்லை.

அன்றிரவு திருத்துறைப்பூண்டியில் தங்கி, பிறவி மருந்தீசரை வணங்கி, மறுநாள் அகஸ்தியம்பள்ளி வண்டியைப் பிடித்தேன். 37 கிலோமீட்டர் கிளைப் பாதை. ஒரு காலத்தில் உப்பு ஏற்றும் சரக்கு வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. நெடுநாள் மூடிக்கிடந்து 2023 ஏப்ரல் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று நிலையங்களின் பெயர்களே அழகு. பெட்டி நிறைய அமாவாசைக் கூட்டம். எள், தருப்பை, வாழையிலை, மாற்றுத் துணி. என்னைப் போல் நடக்க வந்தவர் எவரும் இல்லை. நீராடிவிட்டு மாலைக்குள் ஊர் திரும்புகிறவர்கள். வேதாரணியத்துக்கு அப்பால் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக விரிந்தன. அகஸ்தியம்பள்ளியில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது.

அகத்தியர் வழிபட்ட, ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த இடமும் அதுவே. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் நடக்கத் தொடங்கிய இராஜாஜி, 28 அன்று வேதாரணியம் சேர்ந்து, 30 அன்று இங்கே உப்பு எடுத்தார். நடந்து வருவோர்க்கு உணவோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. சத்திரத்து மணியும் அந்த மரக்கிளையும் என் மனத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அன்று மாலை வேதாரணியத்தில் மறைக்காட்டீசர் தரிசனம். வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் இங்கேதான். இருவராக வந்து இறைவனிடம் வழக்காடிய தலம். மறுநாள் விடியுமுன் பேருந்தில் கோடியக்கரை சென்றேன். அங்கே கடல் வியக்கத்தக்க அமைதி. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிவரும் கரை, இந்த முனையில் சட்டென்று மேற்கே மடிகிறது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை. இங்கே ஒருமுறை மூழ்குவது சேதுவில் நூறு முறை மூழ்குவதற்குச் சமம் என்று தலபுராணம் கூறும். அப்படியானால் 300 கிலோமீட்டர் நடந்து சேதுவுக்குப் போவானேன் என்று ஒரு கணக்குக் கேள்வி எழாமல் இல்லை. புராணக் கணக்கைப் பேரேட்டில் ஏற்றக் கூடாது என்று அதை அங்கேயே விட்டேன்.

முன்னோர்க்கு இறைத்து முடித்தபின் சாஸ்திரிகள், “வேறு யாருக்கேனும் உண்டா?” என்று கேட்டார். நண்பரின் பெயரைச் சொன்னேன். “உறவு?” என்றார். “கூட நடந்தவர்” என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மந்திரத்தைச் சற்று நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தந்தார். நீர் முழங்கால் அளவுதான் இருந்தது. எள் மிதந்து, சிறிது நேரம் அங்கேயே சுற்றிவிட்டுப் போயிற்று.

பக்கத்து மேட்டில் இராமர் பாதம் இருக்கிறது. ஸ்ரீராமர் இங்கு நின்று இலங்கையை நோக்கினார். இவ்வழியே சென்றால் இராவணன் அரண்மனையின் பின்வாசலுக்குப் போய்ச் சேரும், அது வீரர்க்கு அழகன்று என்று கருதித் தனுஷ்கோடிக்குப் போனார் என்பது இவ்விடத்து வரலாறு. அவர் போன வழிதான் நான் போக இருந்த வழி.

கடைசியாகக் குழகர் கோயில். இங்குள்ள முருகப்பெருமான் ஒரு முகமும் ஆறு கரமும் கொண்டு, ஒரு கையில் அமுத கலசம் ஏந்தி நிற்கிறார். பழனிக்குப் போகாதவனை முருகன் இங்கே பிடித்துக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவர் சுந்தரர். சேரமான் பெருமாளோடு யாத்திரையாக வந்த சுந்தரர், மறைக்காட்டை வணங்கிவிட்டு இத்தலத்துக்கு வந்தார். சுற்றிலும் காடு, எதிரே கடல், அருகே ஒரு குடிகூட இல்லை. கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் பெருமான் ஒற்றையாக இருப்பதைக் கண்டு அவருக்குக் கண்ணீர் பெருகிவிட்டது. உமக்குத் துணை யார் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். தம்பிரான் தோழர் அல்லவா? தோழனைப் பற்றித் தோழனுக்கு வரும் கவலை அது.

என் மனைவியும் அக்காவும் ரயிலில் வந்த பெரியவரும் என்னைக் கேட்ட அதே கேள்வி. பதிகம் முழுவதையும் குருக்கள் மெல்லப் பாடினார். நான் நண்பரை நினைத்துக்கொண்டு நின்றேன். பழனி வழியில் நத்தத்துக்கு முன்னால் ஓரிடத்தில் ஆண்டுதோறும் அவர் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருப்பார். என் நடை எப்போதும் அவரைவிடச் சிறிது மெதுவானது.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கோடியக்கரையிலிருந்து மேற்கே நேராகக் கரையோரம் நடக்க இயலாது. வனவிலங்குச் சரணாலயம், அதற்கப்பால் சதுப்பு நிலம், அதற்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஆகவே வந்த சாலையிலேயே வடக்கே திரும்பி, வேதாரணியம், தோப்புத்துறை, தகட்டூர், இடும்பாவனம் என்று சுற்றித்தான் முத்துப்பேட்டையை அடைய வேண்டும். நண்பரின் தாளில் இந்தப் பகுதி சிவப்பு மையில் வளைத்துப் போடப்பட்டிருந்தது. சாலையின் இருபுறமும் முட்புதர்க் காடு. தொலைவில் வெளிமான்கள் இரண்டு தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின. அமாவாசை முடிந்து ஊர் திரும்பும் பேருந்து ஒன்று என்னருகே வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் படியில் நின்று ஏறச் சொல்லிக் கையசைத்தார். வேண்டாம் என்று நானும் கையசைத்தேன். இரண்டாம் கிலோமீட்டர் கல் வந்திருந்தது.